செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?

மலையுச்சியிலிருந்து துவிச்சக்கரவண்டியில் கீழ்நோக்கிப் பாயும் விளையாட்டுக்கும், மேடு என்றால் வாய்க்கால் மதகைத் தவிர வேறெதையும் அறியாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடிப் பழகிய என் போன்ற ஒருவனுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வாழும் என் தமக்கையின் மகள் இந்த விளையாட்டில் ஈடுபடுகிறாள். நெஞ்சையும் முதுகையும் காக்கும் கவசம் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கியபின் தொலைபேசியில் அவள் சொன்னது இதுதான்: "மாமா, ஆம்பிளையளின்ரை சின்ன சைஸை எடுக்கட்டாம். அது நெஞ்சிலை சரியா நிக்குதில்லை எண்டு சொன்னா, என்ரை உடம்புதான் பிழையெண்ட மாதிரிக் கதைக்கினம்."

அந்தக் கடைசி வாக்கியமே இந்தப் பதிவை எழுத வைத்தது. கவசம் பொருந்தவில்லை என்றால் பிழை கவசத்தில் இருக்க வேண்டும். அணிபவளின் உடம்பில் பிழை கண்டுபிடிப்பது, செருப்புக்கு அளவாகக் காலைத் தறிக்கச் சொல்வதற்கு ஒப்பானது. இந்தத் தறிப்பு வேலையைத்தான் கவசத் தொழில்துறையின் பெரும்பகுதி நீண்டகாலமாகச் செய்து வந்திருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

விளையாட்டு எத்தகையது?

டவுன்ஹில் என்று அழைக்கப்படும் இந்த ஓட்டத்தில் மேலே ஏறுவதற்கு வேலை இல்லை. கேபிள் கூடையோ வாகனமோ உச்சிக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கல்லும் வேரும் சேறும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில், பாறைகளிலிருந்து பாய்ந்து பாய்ந்து கீழே வர வேண்டும். ஸ்கொட்லாந்தின் போர்ட் வில்லியம் நகருக்கு அருகில் உள்ள புகழ்பெற்ற பந்தயப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 2.8 கிலோ மீற்றர். இறக்கம் ஏறத்தாழ 550 மீற்றர். உலகின் மிகச் சிறந்த ஓட்டிகள் இதனை ஐந்து நிமிடமளவில் ஓடி முடித்துவிடுகிறார்கள். அந்த ஐந்து நிமிடமும் அவர்கள் சீற்றில் அமர்வதில்லை. மிதிகளின் மீது நின்று, முழங்கால்களை மடித்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, முழங்கைகளை அகல விரித்து, தலையை மட்டும் நிமிர்த்தி முன்னே பார்த்தபடி இறங்குகிறார்கள். இந்த நிலையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கவசம் பொருந்துகிறதா இல்லையா என்பது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்கும்போது தெரிவதில்லை. இந்த நிலையில்தான் தெரியும்.

இது ஆண்களின் விளையாட்டு, பெண்கள் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலாவது உலக மலைச் சைக்கிள் வாகையர் போட்டி 1990ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள டுராங்கோவில் நடந்தது. அன்றே பெண்களுக்கும் டவுன்ஹில் பந்தயம் இருந்தது. கனடாவைச் சேர்ந்த சின்டி டிவைன் அதில் வென்றார். பின்னர் பிரான்ஸின் ஆன்-கரோலின் ஷோசன் ஆண்டுக்கணக்காக உலக வாகையராக விளங்கினார். பிரித்தானியாவின் ரேச்சல் அதர்ட்டன் 2016ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் தொடரின் ஏழு சுற்றுகளையும் வென்றார். ஒரு பருவத்தின் எல்லாச் சுற்றுகளையும் வெல்வது அதுவரை ஆண்களில் எவருக்கும் கைகூடாத சாதனை. ஒஸ்திரியாவின் வாலி ஹோல் 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டத்தைத் தம்வசம் வைத்திருந்தார். அமெரிக்காவின் யூட்டா பாலைவனச் செங்குத்துகளில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய ரெட் புல் ரம்பேஜ் மட்டும் பெண்களுக்கான பிரிவைத் திறக்க 2024 வரை காத்திருந்தது. திறந்த முதல் ஆண்டிலேயே நியூசிலாந்தின் ரொபின் கூம்ஸ் அந்தரத்தில் பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்து வென்று காட்டினார்.

ஆக, முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பெண்கள் இந்த மலைகளில் இறங்குகிறார்கள், விழுகிறார்கள், எழுகிறார்கள். அவர்கள் இருப்பதே தெரியாது என்று தொழில்துறை சாட்டுச் சொல்ல முடியாது.

பாவாடைக்குச் செய்த சைக்கிள்

பெண்களுக்கென ஒரு பொருளைச் செய்யும்போது பெண்ணின் உடலைப் பார்க்காமல் வேறெதையோ பார்ப்பது இன்று நேற்றுத் தொடங்கிய பழக்கம் அல்ல. எங்கள் ஊரில் "லேடீஸ் சைக்கிள்" என்று எதனை அழைத்தோம்? நடுவில் குறுக்குச் சட்டம் இல்லாத சைக்கிளை. அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது பெண்ணின் முதுகு நீளத்தையோ தோள் அகலத்தையோ கருதி அல்ல. பாவாடையும் சேலையும் தடக்காமல் ஏறுவதற்காக. அந்தச் சைக்கிள் உடுப்புக்காகச் செய்யப்பட்டதே தவிர உடலுக்காகச் செய்யப்பட்டதல்ல. எரிபொருள் தடை நிலவிய தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலைக்கும் வேலைக்கும் வைத்தியசாலைக்கும் சைக்கிளிலேயே போய்வந்தார்கள். சட்டம் வைத்த ஆண்கள் சைக்கிளிலும் தயங்காமல் ஏறினார்கள். தேவை வந்தபோது பாவாடைக் கணக்கு எங்கே போயிற்று என்று எவரும் கேட்கவில்லை.

கவசத் தொழில்துறை நெடுங்காலம் இதே வழியில்தான் நடந்தது. சராசரி ஆணின் உடலை அளந்து கவசம் செய்வது. பின் அதனைச் சிறிதாக்குவது. ஊதா நிறமோ இளஞ்சிவப்பு நிறமோ பூசுவது. "பெண்களுக்கானது" என்று எழுதி விற்பது. ஆனால் பெண்ணுடல் சிறிதாக்கப்பட்ட ஆணுடல் அல்ல. ஒரே உயரமுள்ள ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். பொதுவாகப் பெண்ணின் தோள் ஒடுக்கம்; இடுப்பு அகலம்; தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையிலான விகிதம் வேறு. மார்பின் வடிவம் வேறு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு படத்தை எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருக்கினால் இந்த வேறுபாடுகளில் ஒன்றுகூடச் சரியாவதில்லை.

இன்று உண்மையிலேயே பெண்ணுடலை அளந்து கவசம் செய்யும் நிறுவனங்களும் உள்ளன. அவற்றைப் பாராட்ட வேண்டும். ஆனால் அத்தகைய கவசம் கடைத் தட்டில் இருக்க வேண்டும் அல்லவா? பட்டியலில் இருக்கிறது, வரவழைத்துத் தருகிறோம், போட்டுப் பார்க்க இயலாது என்றால் அது வாங்குபவளுக்கு என்ன பயன்?

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

கவசத்தின் உட்புறத்தில் ஒரு சிறிய துணிச் சீட்டு தைக்கப்பட்டிருக்கும். அதில் ஈஎன் 1621 என்ற ஐரோப்பியத் தர எண் காணப்படும். கை கால் மூட்டுகளுக்கு 1621-1, முதுகுக்கு 1621-2, மார்புக்கு 1621-3. இவை மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்காக எழுதப்பட்டவை. மலைச் சைக்கிள் கவசங்களும் பெரும்பாலும் இவற்றையே சான்றாகக் காட்டுகின்றன.

சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? ஓர் உலோகப் பீடத்தின் மீது கவசத் துண்டை வைக்கிறார்கள். 5 கிலோ எடையுள்ள ஒரு கட்டையை அதன்மேல் விழவிடுகிறார்கள். மோதும் சக்தி 50 ஜூல். ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கவசத்தைக் கடந்து பீடத்துக்கு எவ்வளவு விசை செல்கிறது என்று அளக்கிறார்கள். கை கால் கவசத்தில் சராசரியாக 35 கிலோ நியூட்டனுக்கு மேற்படாவிட்டால் முதலாம் தரம். 20க்கு மேற்படாவிட்டால் இரண்டாம் தரம். முதுகுக் கவசத்தில் 18 என்றால் முதலாம் தரம். 9 என்றால் இரண்டாம் தரம். இரண்டாம் தரமே மேலானது. விற்பனையாளர் சிலர்கூட இதனை மாற்றி விளங்கிக்கொள்கிறார்கள் என்பதால் இங்கு குறிப்பிட்டேன்.

இந்தச் சோதனை வேண்டியதுதான். நான் அதனைக் குறை கூறவில்லை. ஆனால் உலோகப் பீடத்துக்கு மார்பு இல்லை. அது மூச்சு விடுவதில்லை, முழங்காலை மடிப்பதில்லை, கல்லில் உருளும்போது தோலின் மேல் கவசம் வழுக்குவதும் அங்கு இல்லை. எனவே "இரண்டாம் தரம்" என்ற முத்திரை, அடி விழும் கணத்தில் கவசம் அடி விழும் இடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. அங்கே இருக்குமா என்பதை அணிபவளின் உடலோடு ஒட்டித்தான் அறிய முடியும். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வழுக்கி இறங்கிவிட்ட இரண்டாம் தரக் கவசத்தைவிட, முழங்காலிலேயே நிற்கும் முதலாம் தரக் கவசம் ஆயிரம் மடங்கு மேல்.

இதனை நான் புதிதாகச் சொல்லவில்லை. 2018 ஏப்ரல் 21 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தற்காப்பு உபகரண ஒழுங்குவிதி 2016/425 இதனைத் தெளிவாகவே விதிக்கிறது. உபகரணம் உரிய இடத்தில் அமர வேண்டும். பயன்படுத்தும் காலம் முழுவதும் அங்கேயே நிற்க வேண்டும். சீர்செய்யும் பட்டிகள் மூலமோ போதிய அளவு வகைகள் மூலமோ அணிபவரின் உடலமைப்புக்குப் பொருந்தக்கூடியதாக இருக்க வேண்டும். "போதிய அளவு வகைகள்" என்பதற்கு ஆண்களின் சிறிய அளவு என்று பொருள் கொள்வது எந்த அகராதியில்?

உடம்பில் எங்கே தவறுகிறது?

போர்க்காலத்தில் பத்திரிகையாளருக்கான குண்டு துளைக்காத அங்கி ஒன்றைச் சில மணி நேரம் அணிந்து திரிந்த அனுபவம் எனக்கு உண்டு. அளவில்லாத அந்த அங்கியின் தகடு நெஞ்சை விட்டு வயிற்றுக்கு இறங்க, அதனை மேலே தூக்கிவிடுவதிலேயே என் ஒரு கை கழிந்தது. என்னுடன் வந்த சக ஊழியரான சகோதரிக்கோ அதே அங்கியின் தகடு கழுத்தை நெரித்தது. நாங்கள் நடந்துதான் போனோம். மணிக்கு ஐம்பது, அறுபது கிலோ மீற்றர் வேகத்தில் கற்களின் மேல் இறங்குபவளுக்குக் கவசத்தைத் தூக்கிவிட எந்தக் கை மிச்சம் இருக்கிறது?

மார்பிலிருந்து தொடங்குவோம். தட்டையான நெஞ்சை எண்ணிச் செய்த தகட்டைப் பெண் அணிந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. தகடு மார்பின் மேல் ஏறி நின்று கீழ் விலாவிலிருந்து விலகிவிடுகிறது. குனிந்தவுடன் அதன் மேல் விளிம்பு தொண்டையில் முட்டுகிறது. அல்லது பட்டிகளை இறுக்கித் தகட்டைப் படிய வைத்தால் மார்பு நசிந்து, மூச்சு முட்டுகிறது. மூச்சு முட்டினால் அடுத்த ஓட்டத்தில் பட்டியைத் தளர்த்துவாள். அதற்கடுத்த ஓட்டத்தில் கவசத்தைக் காரிலேயே விட்டுவிடுவாள். குற்றம் யாருடையது?

முதுகுக் கவசத்தின் அளவு, இடுப்பிலிருந்து தோள் வரையான நீளம். ஆணின் நீளத்துக்கு வெட்டிய தகட்டைக் குட்டையான மேலுடலில் அணிந்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குந்தும்போது, கீழ் விளிம்பு இடுப்பெலும்பில் ஊன்றுகிறது. தகடு மேலே தள்ளப்பட்டு முழுமுகத் தலைக்கவசத்தின் பின் விளிம்பில் முட்டுகிறது. தலையை நிமிர்த்த முடியாது. முன்னே உள்ள பாதையைப் பார்க்க முடியாத நிலையைப் பாதுகாப்பு என்று எவரும் அழைக்க மாட்டார்கள்.

தோள் ஒடுக்கமானால் தோட்கிண்ணங்கள் மேற்கைக்கு வழுக்குகின்றன. விழும்போது முதலில் நிலத்தில் படுவது தோளும் கையும்தான். காறையெலும்பு முறிவு இந்த விளையாட்டில் சர்வசாதாரணம். முன்கை மெலிந்திருந்தால் முழங்கைக் கவசம் பக்கவாட்டில் சுழல்கிறது. தொடை பருத்துக் கெண்டைக்கால் மெலிந்திருந்தால் முழங்கால் கவசத்தின் மேல் வாய் இறுக்கமாகவும் கீழ் வாய் தளர்வாகவும் அமைந்து, சில நூறு மீற்றரிலேயே முழங்காற்சில்லை விட்டு இறங்கிவிடுகிறது. கழுத்துக் காப்பு அணிபவளுக்கு இன்னொரு சிக்கல். அது மார்புக் கவசம், முதுகுக் கவசம், தலைக்கவசம் ஆகிய மூன்றுடனும் ஒத்துப்போக வேண்டும். மூன்றில் ஒன்று இடம் மாறினாலும் அதுவும் இடம் மாறும்.

இங்கு ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதுகுக் கவசம் நேரடியாக விழும் அடியைத் தணிக்கும். தலைகுப்புற விழுந்து முள்ளந்தண்டு அமுங்குவதையோ முறுக்குண்பதையோ அது தடுத்துவிடாது. அதனைவிடக் கூடுதலாக வாக்களித்து விற்பவர்களை நம்ப வேண்டாம். கவசத்தால் ஆகக்கூடியது இவ்வளவுதான் என்றிருக்கும்போது, ஆகக்கூடிய அந்த அளவையும் பொருந்தாமையால் இழப்பதுதான் பெருங்கொடுமை.

சொல்லப்படும் சாட்டுகள்

"பெண்களின் சந்தை சிறியது" என்பது முதற் சாட்டு. பொருந்தும் கவசம் இல்லாததால் வாங்குவதில்லை, வாங்காததால் செய்வதில்லை. கோழியா முட்டையா என்ற இந்தக் கணக்கில் அடிபடுவது கோழியும் அல்ல, முட்டையும் அல்ல, மலையில் இறங்கும் பெண். இந்த நோய் சைக்கிள் கடைக்கு மட்டும் உரியதும் அல்ல. 2019 மார்ச்சில் நாசாவின் இரு பெண் விண்வெளி வீரர்கள் ஒன்றாக விண்ணடை மேற்கொள்ளவிருந்தனர். நடுத்தர அளவு மேலங்கி ஒன்றே தயார் நிலையில் இருந்ததால் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 18இல் அவர்களில் ஒருவரும் வேறொரு பெண் வீரரும் பங்கேற்க அது நிறைவேறியது. அளவைத் தயார் செய்ய மனம் வைத்தால் சில மாதங்கள் போதும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

"உலக வாகையர்களே முழுக் கவசம் அணிவதில்லையே" என்பது இரண்டாவது. சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் டவுன்ஹில் பந்தயத்தில் முழுமுகத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முதுகு, முழங்கை, முழங்கால், தோள் கவசங்களைப் பலமாகப் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. அங்கே போட்டியிடுபவள் பாதையின் ஒவ்வொரு கல்லையும் நடந்து பார்த்தவள். ஓரத்தில் மருத்துவக் குழு நிற்கிறது. வார இறுதியில் பைக் பார்க்குக்குப் போகும் தாதிக்கும் மாணவிக்கும் அந்த வசதி ஏது? வேலைக்குத் திங்கட்கிழமை திரும்ப வேண்டியவர்களுக்குக் கவசம் இன்னும் கூடுதலாகவே தேவை.

மூன்றாவது சாட்டு சற்று நுட்பமானது. "பெரிய சைக்கிள் நிறுவனங்கள் சிலவே பெண்களுக்கென்று தனிச் சட்டகம் தேவையில்லை என்று கைவிட்டுவிட்டன, கவசத்துக்கு மட்டும் ஏன்?" என்கிறார்கள். சைக்கிளில் சீற்றை உயர்த்தலாம், தாழ்த்தலாம்; ஹாண்டிலை மாற்றலாம்; அதிர்வு தாங்கியை ஓட்டியின் எடைக்கு ஏற்ப அமைக்கலாம். சட்டகம் பொதுவானால் பாதகமில்லை. அச்சில் வார்த்த மார்புத் தகட்டில் அப்படித் திருகக்கூடிய ஆணி எங்கே இருக்கிறது?

நாலாவதைச் சாட்டு என்று சொல்லவும் கூசுகிறது. "பெட்டைப் பிள்ளைக்கு இந்த விளையாட்டு ஏன்?" என்பது. இது எங்களவர் வாயிலிருந்தும் வருகிறது, கடைக்காரரின் புன்னகையிலிருந்தும் வருகிறது. எந்த மலையில் இறங்குவது என்பதை அவள் முடிவு செய்வாள். முடிவு செய்தபின் அவளுக்குப் பொருந்தும் கவசத்தை மறுப்பது அறிவுரை ஆகாது, தண்டனை.

தெரிவு செய்வது எப்படி?

குற்றம் சாட்டுவதோடு நின்றுவிட்டால் என் மருமகளுக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் பயன் இல்லை. ஆதலால் பலரிடம் கேட்டும் படித்தும் நான் தொகுத்தவற்றை இங்கு தருகிறேன்.

முதலில் அளவு நாடாவை எடுங்கள். சிறிது, நடுத்தரம், பெரிது என்ற எழுத்துகளையும் சட்டை அளவையும் மறந்துவிடுங்கள். மலையில் அணியும் அதே மார்புக்கச்சையை அணிந்துகொண்டு மார்பின் சுற்றளவையும், மார்புக்குக் கீழான சுற்றளவையும், இடுப்பையும் அளக்க வேண்டும். கழுத்தடியில் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பு வரை முதுகின் நீளத்தை இன்னொருவரைக் கொண்டு அளக்க வேண்டும். முழங்காலைச் சற்று மடித்தபடி தொடையையும் கெண்டைக்காலையும் அளக்க வேண்டும். எந்த இடத்தில் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் அளவு அட்டவணையில் குறித்திருக்கும். மேற்கை, முன்கை அளவுகளும் வேண்டும்.

அணிந்தபின் கண்ணாடி முன் நிற்க வேண்டாம். மிதியில் நிற்பதாக எண்ணி முழங்காலை மடித்து, இடுப்பைப் பின்னே தள்ளி, முழங்கையை விரித்து, தலையை நிமிர்த்துங்கள். கடையில் ஒரு சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி அதன்மேல் நின்று பார்ப்பது இன்னும் நல்லது. தொண்டையில் தகடு முட்டுகிறதா? முழு மூச்சு இழுக்க முடிகிறதா? முதுகுத் தகடு தலைக்கவசத்தில் இடிக்கிறதா? பிரேக் பிடிக்கும் விரல்கள் மரத்துப் போகின்றனவா?

பின்னர் தோழி ஒருத்தியைக் கொண்டு ஒவ்வொரு கவசத்தையும் கீழ்நோக்கி இழுக்கவும் பக்கவாட்டில் திருப்பவும் சொல்லுங்கள். கைக்கு வழுக்கும் கவசம் கல்லுக்கு நிற்காது. பத்து நிமிடம் அணிந்தபடி படியேறி இறங்குங்கள். தோலில் சிவந்த தடம் இருக்கலாம். விறைப்பு இருக்கக் கூடாது. தலைக்கவசம், கழுத்துக் காப்பு, முதுகுப் பை ஆகியவற்றையும் கொண்டு போய் எல்லாவற்றையும் ஒன்றாக அணிந்து பாருங்கள். தலைமுடியை எப்படிக் கட்டிக்கொண்டு ஓடுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு போங்கள். பின்னந்தலையில் போட்ட கொண்டை தலைக்கவசத்தை உயர்த்திவிடும்.

சீட்டைப் படியுங்கள். தர எண்ணும், 1 அல்லது 2 என்ற தரமும், எந்த உறுப்புக்கு என்ற குறியும் இருக்க வேண்டும். கை கால் கவசத்தில் ஏ வகை என்றால் மூடும் பரப்புக் குறைவு. பி வகை என்றால் வழமையான பரப்பு. எந்தச் சான்றும் இல்லாத வெறும் பஞ்சு மெத்தையைக் கவசம் என்று விற்பவர்களும் உண்டு. சாதாரணமாக மென்மையாக வளைந்து, அடி விழும் கணத்தில் இறுகும் நுரைப் பொருட்களால் ஆன கவசங்கள் உடலோடு நன்கு படியும். ஆயினும் அவற்றையும் மேற்சொன்ன சோதனைகளில் இருந்து விலக்க வேண்டாம். வெடித்த ஓட்டையும் கிழிந்த நுரையையும் மறுபடி அணிய வேண்டாம்.

இறுதியாக, "பெண்களுக்கானது" என்ற எழுத்தைக் கண்டு வாங்கவும் வேண்டாம், அது இல்லை என்று ஒதுக்கவும் வேண்டாம். தோள் அகன்ற உயரமான பெண்ணுக்கு ஆண்களின் கவசம் சரியாக அமையலாம். பேச்சு எழுத்தைப் பற்றியதல்ல, வடிவத்தைப் பற்றியது. பல வடிவங்கள் செய்யப்பட வேண்டும். அவை கடையில் இருக்க வேண்டும். அணிந்து பார்க்க இடம் இருக்க வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

நிறுவனங்கள் தம் அளவு அட்டவணையில் முதுகு நீளத்தையும் மார்புக்குக் கீழான சுற்றளவையும் அச்சிட வேண்டும். மேற்கவசத்தின் முன்புறத்தையும் பின்புறத்தையும் தனித்தனி அளவில் விற்க வேண்டும். ஆணுடல் உருவத்தில் பொருத்திப் பார்த்தது போலவே பெண்ணுடல் உருவங்களிலும் பொருத்திப் பார்த்து, அதனை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கவசம் வாடகைக்குக் கொடுக்கும் பைக் பார்க்குகள் பெண்களுக்குப் பொருந்தும் அளவுகளை வைத்திருக்க வேண்டும். முதன்முதலில் மலையேறுபவள் வாடகைக் கவசத்தைத்தான் அணிகிறாள், அவளே அதிகம் விழுபவளும். கவசங்களுக்கு மதிப்புரை எழுதும் சஞ்சிகைகள், எந்த உடலமைப்புக் கொண்டவர் அணிந்து பார்த்தார் என்பதை முதல் வரியில் சொல்ல வேண்டும்.

கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும் எங்கள் பிள்ளைகள் மலைகளுக்கு அருகில் வளர்கிறார்கள். அவர்களில் எவளாவது உங்கள் வீட்டில் இருந்தால், அவளைத் தடுக்க நேரம் செலவிடாமல் அளவு நாடாவோடு கடைக்குக் கூட்டிப் போங்கள். பொருந்தாததை நீட்டினால் திருப்பிக் கொடுங்கள். ஏன் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி செய்யுங்கள். விற்காத கவசத்தின் கணக்கு மட்டுமே வியாபாரியின் காதில் ஏறும்.